யானைத் தோட்டாவும் செட்டியார் தெருத் தராசும்

அப்பப்பா பண்டாரவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளார்க்கராக இருந்தவர். அவருடைய தகரப் பெட்டியில் பழைய சம்பளச் சிட்டைகளோடு ஒரு பித்தளைக் கோதும் கிடந்தது. துரையின் வேட்டைத் துவக்கு துப்பிய கோது. ஏழு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம், அடியில் பெல்ட் கட்டியதுபோல் ஒரு பட்டி, அடித்தட்டில் 375 என்ற எண். வெள்ளவத்தைக் கடற்காற்றில் பச்சை பூத்திருந்ததைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்தபோதுதான் கழுத்தில் மயிரிழைபோல் ஒரு கீறல் இருப்பது தெரிந்தது.

பித்தளை ஏன் இப்படிக் கீறும் என்று கேட்கச் செட்டியார் தெருவில் நகை செய்யும், எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவரிடம் போனேன். சோதனைச் சாவடிக் காலமாக இருந்தால் வெற்றுக் கோதைக்கூடச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொழும்புக் காலி வீதியில் நடந்திருக்க முடியாது. இப்போதும் கடதாசியில் சுற்றித்தான் எடுத்துப் போனேன். பத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு நிமிஷம் பார்த்தார்.

“தம்பி, இது அடிச்சு அடிச்சு இறுகின உலோகம். இடையில ஒருக்காச் சூடு காட்டியிருந்தா வெடிச்சிராது.”

தோட்டாவைக் கையால் நிரப்புகிறவர்களின் பாதி வித்தை அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

வேட்டைத் துவக்கின் தோட்டாவில் நான்கு உறுப்புகள். கோது, அதன் அடியில் தட்டினால் பொறி கக்கும் கேப்பு, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய சன்னம். சுட்டபின் சன்னம் போய்விடும், மருந்து எரிந்துவிடும், கேப்பு செத்துவிடும். மிஞ்சுவது கோது மட்டுமே. நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அது. வெடிக்கும் நொடியில் உள்ளே வளிமண்டல அழுத்தத்தைப்போல் நாலாயிரம் மடங்கு வரை ஏறும். கோது உப்பித் துவக்குக் குழலின் அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைத்துக்கொள்ளும். அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும், அதனால்தான் வெளியே எடுக்க முடிகிறது. அதை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுக் கேப்பும் மருந்தும் சன்னமும் போட்டால் மறுபடியும் தோட்டா.

ஆனால் ஒவ்வொரு முறை உப்பிச் சுருங்கும்போதும் கழுத்துப் பித்தளை இறுகும். தங்கக் கம்பியை இழுக்க இழுக்க விறைப்பதும் இதே கதைதான். ஆகவே சில சுற்றுகளுக்கு ஒருமுறை கழுத்தை மட்டும் சூடு காட்டி இளக்குவார்கள். அடிப்பாகத்தில் சூடு ஏறவே கூடாது. அங்கே பித்தளை இளகினால் அவ்வளவு அழுத்தத்தையும் சுடுகிறவரின் முகத்துக்குச் சில அங்குலம் முன்னால் தாங்க எதுவும் இருக்காது.

சுடாத தோட்டாவும் கீறும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் படைகளின் தோட்டாக்கள் பெட்டியில் இருந்தபடியே கழுத்தில் வெடித்தன. பருவத்தோடு வந்ததால் அதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்றே பெயர். காரணம் 1921இல்தான் சரியாக விளங்கியது. தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கியிருந்தார்கள். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, இறுக்கி வைத்த பித்தளையின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையில் புகுந்து பிரித்துவிட்டது. என் கோதின் கீறலுக்குச் சூடு காட்டாததா லாயமா காரணம் என்று இனி யாரைக் கேட்பது? துரை குதிரை வைத்திருந்தாரா என்று அப்பப்பா சொன்னதில்லை.

அடுத்தது மருந்து. சன்னம் கனமாக இருந்தால் மெதுவாக நகரும், அது நகர்ந்து இடம் விடுவதற்குள் மருந்து முழுதும் எரிந்துவிட்டால் துவக்கே பிளக்கும். சுள்ளி குப்பென்று எரியும், கட்டை நின்று எரியும். கனத்த சன்னத்துக்குக் கட்டை வேண்டும். குச்சி வடிவில் வரும் மருந்து மணிகளுக்கு நடுவே துளை போடுவது இதற்காகத்தான். வெளிப்பரப்பு எரிந்து குறையக் குறைய, துளையின் உட்பரப்பு விரிந்து ஈடுகொடுக்கும்.

எங்கள் பக்கத்து வெயிலும் இதில் ஒரு பங்காளி. பழைய கோர்டைட் மருந்து சூட்டில் வேகமாக எரியும். லண்டன் குளிரில் சரியாக இருந்த தோட்டா நமது காட்டு வெயிலில் அழுத்தம் கூடிக் கோதைத் துவக்குக்குள் இறுக வைத்துவிடும். யானையோ காட்டெருமையோ எதிரே நிற்கும்போது அது நடந்தால் அவ்வளவுதான். 1911இல் வந்த .416 ரிக்பி தோட்டாவுக்கு (எண், சன்னத்தின் விட்டம் அங்குலத்தில்) அத்தனை பெரிய வயிறு வைத்தது இதனால்தான். இடம் தாராளம் என்றால் அழுத்தம் குறையும்.

சரி, சன்னத்துக்கு வருவோம். இதன் எடையை இன்றும் ‘கிரெய்ன்’ என்ற பழைய தானிய அளவில் சொல்கிறார்கள். நம் குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெய்ன். 1912இல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பனி வெளியிட்ட .375 மேக்னத்தின் வழக்கமான சன்னம் 300 கிரெய்ன், அதாவது 19.4 கிராம். பத்தர் கணக்கில் இரண்டரைப் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. அது நொடிக்குச் சுமார் 760 மீட்டரில் கிளம்புகிறது. அதன் ஆற்றல், சாரதியோடு 350 கிலோ வரும் ஓர் ஆட்டோ மணிக்கு 20 கிலோமீட்டரில் போவதற்குச் சமன். இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த ஆற்றல் எங்கே, எவ்வளவு ஆழத்தில் செலவாகிறது என்பதுதான் விஷயம்.

ஹோர்ட்டன் சமவெளியில் பேக்கர் நீர்வீழ்ச்சி என்று இருக்கிறதல்லவா, அந்த சாமுவேல் பேக்கர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறி யானை சுட்டவர். கரிமருந்துக் காலம் அது. வேகத்தைக் கூட்ட வழி இல்லை, எடையைத்தான் கூட்டலாம். அவருடைய பெரிய துவக்கு நாலு அவுன்ஸ் ஈயத்தைத் துப்பியது, பதினாலு பவுன். அரை நூற்றாண்டுக்குப் பின் ஆபிரிக்காவில் வால்டர் பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அதில் பெரும்பங்கை 7 மில்லிமீட்டர் துவக்கால், 173 கிரெய்ன் சன்னத்தால். பேக்கரின் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு! கேட்க வயிறு கலங்குகிறது, ஆனால் பௌதிகம் தெளிவானது. மெல்லிய, நீண்ட, கெட்டி உறை போட்ட சன்னம் தன் எடை முழுவதையும் ஒரு சிறிய வட்டத்தின் பின்னால் வைத்துத் தள்ளுகிறது. யானையின் மண்டையோடு தேன்கூடுபோல் காற்றறைகள் நிறைந்த எலும்பு, அதை ஊடுருவ மாறாத வடிவம் வேண்டும். பெல் மண்டையோடுகளை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர்.

மானுக்கு இது ஆகாது. கெட்டி உறைச் சன்னம் சிறு துளை போட்டுக்கொண்டு மறுபக்கம் போய்விடும், விலங்கு மைல்கணக்கில் ஓடித் துன்பப்பட்டுச் சாகும். அதற்கு நுனியில் ஈயம் தெரியும் சன்னம் வேண்டும், பட்டதும் காளான்போல் விரிவது. விட்டம் இரண்டு மடங்கானால் முகப்பரப்பு நான்கு மடங்கு, எதிர்ப்பும் அப்படியே. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில் செய்த இந்த வகையை 1899 ஹேக் பிரகடனம் போரில் தடுத்தது. பிரித்தானியாவில் மான் சுடுவதற்கோ சட்டமே விரியும் சன்னத்தைத்தான் கேட்கிறது. மனிதருக்கு ஆகாதது மானுக்குக் கருணை.

விரிவதிலும் சிக்கல் உண்டு. 1946இல் ஜான் நோஸ்லர் கனடாவில் சேறு காய்ந்து அப்பியிருந்த ஒரு மூஸ் கடமானைச் சுட்டபோது, சன்னங்கள் உள்ளே போகாமல் மேலேயே சிதறின. ஊர் திரும்பியவர் செம்புக் கலவை உறையின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் விட்டார். முன்னறை ஈயம் விரியட்டும், பின்னறை ஈயம் முழுசாக இருந்து தள்ளட்டும். வேட்டைச் சன்னங்களில் எனக்குப் பிடித்த யோசனை இதுதான், ஒரே பொருளில் இளக்கத்தையும் இறுக்கத்தையும் சுவர் வைத்துப் பிரித்தது.

இப்போது ஈயமே இல்லாத முழுச் செம்புச் சன்னங்கள் பெருகிவிட்டன. வேட்டைக்காரர் விட்டுப்போகும் குடலில் ஈயத் துகள் இருக்கும், தின்னும் கழுகுகள் சாகும். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயச் சன்னம் முற்றாகத் தடை. ஆனால் செம்பின் அடர்த்தி 8.96, ஈயத்துடையது 11.34. அதே எடைக்குச் செம்புச் சன்னம் நீளும். நீண்ட பம்பரம் தள்ளாடாமல் நிற்க வேகமாகச் சுழல வேண்டும். .375 குழலின் உள்வரி, அதாவது சன்னத்தைச் சுழற்ற உள்ளே வெட்டிய சுருள் வரி, அடிக்கு ஒரு சுற்று, அந்த வேகத்தில் சன்னம் ஏற்கெனவே நிமிஷத்துக்கு ஒன்றரை லட்சம் முறை சுழல்கிறது. உள்வரி போதவில்லை என்றால் எடை குறைந்த சன்னத்துக்கு இறங்க வேண்டியதுதான்.

நீண்ட சன்னம் கோதுக்குள்ளும் கூட இடம் பிடிக்கும். மருந்துக்கு இடம் சுருங்கும், அழுத்தம் ஏறும். ஆகவே கையால் நிரப்புகிறவர், சன்னத்தை மாற்றியதும், அந்தச் சன்னத்துக்கென்று அச்சிட்ட அட்டவணையின் கீழ்முனையிலிருந்து மறுபடி தொடங்குவார். சிறிது சிறிதாகத்தான் ஏற்றுவார், கவனமான ஆட்கள் ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு துல்லியம் வரை நிறுப்பார்கள். குன்றிமணியில் இருபதில் ஒன்று. பத்தரின் கண்ணாடிக்கூண்டுத் தராசு அதைக் காட்டும், என் வீட்டுக் குசினித் தராசு அசையவே அசையாது.