கம்பஸ் போகிற பிள்ளைக்கு எந்த லெப்டொப்?

உயர்தரப் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டி ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால், மலையகத் தோட்டங்களில் அது ஒரு வீட்டோடு நிற்கிற சந்தோஷம் அல்ல. கொழும்பில் கடையில் நிற்கும் அண்ணன், வெளிநாட்டில் வேலை பார்க்கும் சித்தி, சீட்டு எடுத்த அம்மா என்று ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத்தான் பிள்ளைக்கு ஒரு லெப்டொப் வாங்கிக் கொடுக்கிறார்கள். அந்தக் காசு எப்படிச் சேர்ந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கடைக்காரர் "இது ஐ செவன், நம்பி எடுங்க அண்ணே" என்று சொல்லும்போது, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கடையில் இருக்கும் பாவித்த லெப்டொப்களில், கோப்புகளைச் சேமிக்க ஹார்ட் டிஸ்க் உள்ள ஒன்றைப் போடச் சொல்லுங்கள். திரை வந்ததும், எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சி.பி.யூ. என்ற வரியில், அதாவது கணினியின் மூளையான புரொசஸருக்கு, பத்து, பதினைந்து சதவீதம்தான் பெரும்பாலும் காட்டும். டிஸ்க் என்ற வரியில் பல வேளை 100 சதவீதம் நிற்கும். மவுஸை அழுத்தினாலும் எதுவும் அசையாது. கணினியின் மூளை வேலையில்லாமல் சும்மா இருக்கிறது; தகவல் வந்து சேரத்தான் நேரம் எடுக்கிறது. "லெப்டொப் ஸ்லோ" என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புத்தான்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சுப் பூசிய தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று ஆக வேண்டும். அதற்கே 5.6 மில்லி வினாடி. முனையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர இன்னும் பத்து மில்லி வினாடி போகும். கேட்பதற்கு இது ஒன்றுமில்லாத நேரம். ஆனால் 2 கிகாஹேர்ட்ஸ் புரொசஸர் ஒன்றின் கடிகாரம் 15 மில்லி வினாடியில் மூன்று கோடி தடவை துடித்துவிடும். கணினியைத் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வர வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றுக்கும் அந்தக் கை நகர்ந்தாக வேண்டும்.

இதற்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அந்த முனை தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீற்றர் உயரத்தில், சுழற்சி எழுப்பும் காற்றின் மேல் மிதக்கிறது. நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் காற்று மெலிந்திருந்தாலும் அது பிரச்சினை இல்லை. சாதாரண ஹார்ட் டிஸ்க்குகள் 3000 மீற்றர் வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. கினிகத்தேனை வளைவுகளில் பஸ் குலுங்கும்போது, நிறுத்தாத லெப்டொப் பைக்குள் ஓடிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சேமிப்பகமான எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவும் கிடையாது. மின்கடத்தாப் பொருளால் சூழப்பட்ட மிகச்சிறிய அறைகளில் இலத்திரன்களை அடைத்து வைப்பதே அதன் நினைவு. மின்சாரம் நின்றதும் அவை உடனே வெளியேறிவிடுவதில்லை. ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1980களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் இது. வேண்டிய தகவலை எடுக்க ஏறக்குறைய 100 மைக்ரோ வினாடி போதும். ஹார்ட் டிஸ்க்கை விட நூறு மடங்கு வேகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கும் மேலே இருப்பது ரேம். இப்போது கையில் இருக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளும் இடம். கரண்ட் போனால் அழிந்துவிடும். வேகமோ அபாரம்: 100 நானோ வினாடியில் பதில். இந்த மூன்று வேகங்களுக்கும் உள்ள தூரத்தை மனதில் வாங்க, ரேம் ஒரு வினாடியில் பதில் சொல்கிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அப்போது எஸ்.எஸ்.டி. பதில் சொல்லப் பதினேழு நிமிடம் ஆகும். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ரேம் நிறைந்துவிட்டால் கணினி நின்றுவிடாது. உடனே தேவைப்படாத பகுதிகளை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு, கேட்கும்போது திரும்ப இழுத்துக்கொள்ளும். நான்கு ஜிபி ரேமில் சூமில் விரிவுரை, பிரவுசரில் பத்துப் பக்கங்கள், வேர்டில் ஒப்படை என்று திறந்தால் இந்தத் தள்ளுமுள்ளு ஓயாது. எட்டு ஜிபிக்குக் கீழே எதையும் வாங்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பதினாறுக்குக் காசு இப்போது இல்லையென்றால், பிறகு ரேம் கூட்டுவதற்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். மெல்லிய மாதிரிகள் பலவற்றில் ரேம் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையோடு ஒட்டியே வருகிறது. அதில் கூட்ட முடியாது. புதுப் பெட்டியில் மலிவாக வரும் 64 ஜிபி இ.எம்.எம்.சி. சேமிப்பகமும் வேண்டாம். விண்டோஸே அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

இப்போது அந்த ஐ செவனுக்கு வருவோம். இன்டெல் நிறுவனத்தின் புரொசஸர்களில் ஐ த்ரீ, ஐ ஃபைவ், ஐ செவன் என்பவை ஒரே தலைமுறைக்குள் இருக்கும் படிநிலைகள். தலைமுறை என்பது அதற்குப் பின்னால் வரும் எண்ணில் இருக்கிறது. 4600 என்று தொடங்கினால் நான்காம் தலைமுறை, 8250 என்றால் எட்டாவது, 1215 என்றால் பன்னிரண்டாவது. 2013 இல் வந்த ஐ செவன் 4600யு சிப்பில் இரண்டு கோர்கள், அதாவது தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்தான். பன்னிரண்டாம் தலைமுறை ஐ த்ரீ 1215யு சிப்பில் ஆறு கோர்கள் இருக்கின்றன. பழையதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்றுக்கொள்ளும். எட்டுக்குக் கீழே இருப்பதை யாராவது இலவசமாகத் தந்தால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாவிக்கலாம். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

தனி கிராபிக்ஸ் சிப் பொறியியல், கட்டடக்கலை படிக்கிறவர்களுக்குத் தேவைப்படலாம். கலை, வணிகம், உயிரியல் பிள்ளைகளுக்கு அந்தக் காசை ரேமில் போடுவது நல்லது.

வாங்கிய பிறகு மலைநாட்டில் அதைக் காப்பாற்றுவது தனிக் கதை. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா பக்கம் சுவரே வியர்க்கும். அந்தக் காலத்தில் பல வீடுகளில் நடப்பது இது: தூசு படக் கூடாது என்று லெப்டொப்பைப் பொலித்தீனில் சுற்றி, அலுமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்து, பிள்ளை விடுமுறைக்கு வரும்போது எடுப்பார்கள். அன்போடு செய்கிற காரியம்தான். ஆனால் பகல் வெப்பத்தில் சுற்றிக் கட்டிய காற்று தன்னோடு நீராவியையும் உள்ளே கொண்டுபோகிறது. இரவில் குளிர்ந்ததும் அவ்வளவையும் தாங்க முடியாமல் அது பலகையின் மேலேயே படிந்துவிடும். ஈரம் படிந்த மின்சுற்றில் ஒரு கம்பியின் உலோகம் நுண்ணிய அளவில் கரைந்து, பக்கத்துக் கம்பியில் போய்ப் படிந்து வேர்போல வளரத் தொடங்கும். இரண்டும் தொட்டுக்கொண்டால் ஷோர்ட்.

தினமும் பாவிக்கும் லெப்டொப்புக்கு இந்தப் பயம் குறைவு. காரணம் எளிது. 16 பாகை செல்சியஸில் ஒரு கன மீற்றர் காற்று அதிகபட்சம் 13.6 கிராம் நீராவியைத் தாங்கும். 30 பாகையில் 30 கிராம் வரை தாங்கும். மூடுபனி நிறைந்த காற்று, ஓடும் கணினிக்குள் போய் 30 பாகைக்குச் சூடானதும் அதன் ஈரப்பதன் 45 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதாவது இயந்திரம் தன் சொந்தச் சூட்டால் தன்னை உலர்த்திக்கொள்கிறது. எனவே வீட்டில் யாராவது தினமும் அரைமணி நேரம் அதை ஓட விடுவது அலுமாரியை விடப் பாதுகாப்பு. அடுப்படிப் பக்கம் மட்டும் வேண்டாம். விறகுப் புகையின் கரி ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

மலையிலிருந்து இறங்கும்போது ஆபத்து வேறு விதமாக வரும். மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஏ.சி. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடி பூத்துப்போவதைப் பலர் கண்டிருப்பார்கள். 30 பாகையில் 75 சதவீத ஈரப்பதன் உள்ள காற்று, 25 பாகைக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளைத் தொட்டாலும் தண்ணீரை விட்டுவிடும். பைக்குள் இருக்கும் லெப்டொப்பும் அப்படிக் குளிர்ந்துதான் இருக்கிறது. விடுதிக்குப் போன உடனே திறக்காமல், பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டால் ஈரம் பைக்கு வெளியே படியும்.

அடுத்தது மின்சாரம். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி நம்மூரில் வழமை. சர்ஜ் புரொடெக்டருக்குள் நாக ஒட்சைட்டால் ஆன ஒரு சிறு வில்லை இருக்கும். 230 வோல்ட்டில் அது மின்சாரத்தை விடாது. திடீரென்று ஆயிரக்கணக்கில் ஏறினால் நானோ வினாடிகளில் வழிவிட்டு, மிதமிஞ்சியதைத் திசைதிருப்பும். அதில் பெரும்பங்கு போக வேண்டிய இடம் எர்த் கம்பி. எர்த் இல்லாத பழைய லயத்து வயரிங்கில், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது பாதி வேலைதான் செய்யும். முதலில் மின்னிணைப்பாளரைக் கொண்டு எர்த்தைச் சரிபாருங்கள். வீட்டுக்கு நேரே விழும் மின்னலை எந்த வில்லையும் தாங்காது. மேகம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்குவதே வழி. கரண்ட் குறைந்து மங்கினால் பயப்படத் தேவையில்லை. பெரும்பாலான சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். அது சார்ஜரின் முதுகிலேயே எழுதியிருக்கும். நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் போன 2022 ஐ நினைத்தால், டெஸ்க்டொப்பை விட லெப்டொப் ஏன் நல்லது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

பாவித்ததை வாங்கினால் பட்டரியைக் கட்டாயம் சோதியுங்கள். விண்டோஸ் ஒரு பட்டரி அறிக்கை தரும்; கடைக்காரரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலாவது 45,000, இரண்டாவது 22,000 என்று கண்டால், பட்டரி பாதி செத்துவிட்டது. புதுப் பட்டரியின் விலையைக் கழித்துப் பேசலாம். லிதியம் அயன் பட்டரிக்குச் சூடுதான் எதிரி, நம் குளிர் அதற்கு நல்லது. பிள்ளை கீழே போன பிறகு மெத்தையில் வைத்துக் காற்றுத் துளையை அடைக்காமல், அமைப்புகளில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளட்டும்.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொன்னால், கழற்றிய டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். ஒரு யூ.எஸ்.பி. உறைக்குள் போட்டால் அது பிரதி எடுத்து வைக்க உதவும். எஸ்.எஸ்.டி. பல வேளை முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடும்; தேய்ந்த ஒன்றை வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் வைத்தால் அடைபட்ட இலத்திரன்களும் மெல்லக் கசியும். காந்தத்தில் எழுதியது அப்படிக் கசிவதில்லை. நாலாம் வருட ஆய்வு எழுதும்போது, வாரம் ஒரு தடவை அதில் ஒரு பிரதி போட்டு வைக்கச் சொல்லுங்கள்.