கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 4கே கேட்காதீர்கள்

பழைய கேசட்டைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றிக் கொடுப்பது என் தொழில். இந்த வாரமும் ஒருவர் பென் டிரைவோடு வந்தார். உள்ளே அப்பா அம்மா கல்யாண வீடியோ. யாரோ கேசட்டை டிவிடி ஆக்கி, அதை இன்னொருவர் எம்பி4 ஆக்கி, இரண்டரை மணி நேரப் படம் ஒரு ஜிபிக்குள் நசுங்கிக் கிடந்தது. "சார், இதை 4கே பண்ணிக் கொடுங்க, இப்போதான் ஏஐ வந்துடுச்சே" என்றார். ஒரிஜினல் கேசட் எங்கே என்று கேட்டேன். "அதான் டிவிடி போட்டாச்சேன்னு வீடு மாறும்போது கழிச்சுட்டோம்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கொஞ்சம் காட்டமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த 4கே மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். நம் ஊர் விஎச்எஸ் கேசட்டெல்லாம் பால் (PAL) என்ற டிவி முறையில் பதிந்தவை. திரையில் தெரிவது 576 வரிகள். ஒவ்வொரு வரியிலும் குறுக்கே பிரித்துக் காட்டக்கூடிய நுணுக்கம் சுமார் 240 கோடுகள், அவ்வளவுதான். 720-க்கு 576 புள்ளி என்ற அளவில் பதிந்தாலே கேசட்டில் உள்ளது முழுக்க வந்துவிடும், அதுவே தாராளம். 4கே என்பது 3840-க்கு 2160. பெருக்கிப் பாருங்கள், சரியாக 20 மடங்கு. அதாவது ஒரு புள்ளி கேசட்டிலிருந்து வந்தால் பத்தொன்பது புள்ளி மென்பொருளின் கற்பனை. அப்படி ஏஐ மெருகேற்றிய ஒரு வீடியோவைப் பார்த்தேன். முன்வரிசைப் பாட்டி கட்டியிருந்த சுங்குடிச் சேலையின் புள்ளிகள் எல்லாம் கோடுகளாகியிருந்தன. மூக்குத்தியைக் காணோம். முகம் பளபளவென்று இருந்தது, ஆனால் அது யாருடைய முகம் என்று அந்த வீட்டாருக்கே சந்தேகம். பெரிதாக்குவதை எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், டிவியே அதைச் செய்யும். டேப்பிலிருந்து எடுக்கும்போது விட்டதை மட்டும் பிறகு பிடிக்கவே முடியாது.

தரம் முடிவாகும் இடம் கம்ப்யூட்டர் இல்லை, கேசட்டை ஓட்டும் டெக். அந்தக் காலத்தில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தோமே, அதே டெக்தான். புதிது இனிக் கிடைக்காது. கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆகவே நல்ல நிலையில் உள்ள பழைய எஸ்-விஎச்எஸ் டெக்கை, அதாவது விஎச்எஸ்ஸின் மேம்பட்ட வகை டெக்கை, தேடுங்கள். சாதாரண விஎச்எஸ் கேசட்டும் அதில் ஓடும். அதிலும் டிபிசி, அதாவது டைம் பேஸ் கரெக்டர், உள்ளே இருக்கும் மாடல் அமைந்தால் அதிர்ஷ்டம். பானசோனிக் என்வி-எஃப்எஸ்200, ஜேவிசியில் டிஜிப்யூர் என்று எழுதியிருக்கும் மாடல்கள் அந்த வகை. பழைய டேப்பை ஓட்டினால் மண்டபத்துத் தூண் நெளியும், படத்தின் மேல்விளிம்பு ஒரு பக்கமாகச் சாயும். அதை நேராக்குவது டிபிசிதான். பிறகு எந்த மென்பொருளும் அந்த வேலையை ஒழுங்காகச் செய்வதில்லை. டிபிசி டெக் சிக்கவில்லையா? பானசோனிக்கின் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை நடுவில் வையுங்கள். அதில் எதையும் பதிய வேண்டாம். படத்தை உள்ளே விட்டு வெளியே எடுத்தாலே நெளிவு பெருமளவு அடங்கும்.

ஒயர் விஷயம் சின்னதுதான். டெக்கில் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ இருந்தால் அதையே போடுங்கள். டேப்பில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகப் பதிந்திருக்க, வழக்கமான மஞ்சள் வீடியோ ஒயர் இரண்டையும் குழைத்து அனுப்பும்.

அடுத்து, டெக்கின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இறக்க (இதைத்தான் கேப்சர் என்பார்கள்) ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் யுஎஸ்பி குச்சி. எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் பெட்டியில் ஒரு பெயர், உள்ளே வேறு சிப் என்று வருகிற சமாசாரம் அது. மாப்பிள்ளையின் வேட்டி ஒரே வெள்ளையாக எரிந்துபோய் ஒரு மடிப்புகூடத் தெரியாது. நடுநடுவே ஃபிரேம் விட்டுப்போய்ச் சத்தம் விலகும். தாலி கட்டி முடித்த பிறகு கெட்டிமேளம் கேட்கும். ஹாப்பாஜ் யுஎஸ்பி-லைவ்2 போன்ற, பெயர் தெரிந்த கேப்சர் கருவியை வாங்குங்கள். மஞ்சள் ஒயரை எச்டிஎம்ஐ ஆக்கும் குட்டிப் பெட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். விநாடிக்கு 50 அரைப்படமாக (ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் ஒருமுறை) வருவதைப் பெரும்பாலும் 60 ஆக்கிக் குழப்பித் தள்ளும், அந்தக் கோளாறைப் பிரித்தெடுக்கவே முடியாது.

இந்த அரைப்பட முறைக்குப் பெயர் இன்டர்லேஸ். பதியும்போது அதை அப்படியே விட்டுவிடுங்கள். அட்சதை தூவும் கைகளில் சீப்புப் பல் போலக் கோடு தெரிகிறதே என்று பயந்து கேப்சர் மென்பொருளில் அரைப்படங்களை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸ் பட்டனைத் தட்டினால் பாதி அசைவு போய்விடும். விர்ச்சுவல்டப் என்ற கேப்சர் மென்பொருளில் ஹஃப்ஒய்யுவி மாதிரி தரம் இழக்காமல் சுருக்கும் முறையில் சேமியுங்கள். மணிக்குச் சுமார் 35 ஜிபி ஆகும். ஆகட்டும், ஹார்டு டிஸ்க் கேசட்டைப் போல அபூர்வப் பொருளா என்ன? அப்புறம் நிதானமாக ஏவிசின்த் என்ற மென்பொருளில், நன்றாக டீஇன்டர்லேஸ் செய்யும் கியூடிஜிஎம்சி வைத்து, விநாடிக்கு 50 முழு ஃபிரேமாக மாற்றி, சொந்தக்காரர்களுக்குச் சின்ன ஃபைல் அனுப்பிக்கொள்ளலாம்.

கையடக்கக் கேமராவில் போடும் சின்ன மினிடிவி கேசட் இதிலெல்லாம் சேராது. அதில் பதிந்திருப்பதே டிஜிட்டல். ஃபயர்ஒயர் என்ற டிஜிட்டல் இணைப்புப் போர்ட் உள்ள பழைய கம்ப்யூட்டரில் கேமராவைச் செருகி, மணிக்கு 13 ஜிபி வீதம் அப்படியே இறக்க வேண்டியதுதான். அதையும் மஞ்சள் ஒயரில் ஓட்டிக் கொடுத்துக் காசு வாங்குகிறார்கள் என்பது என் தொழிலுக்கே வெட்கம். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய கேசட் இருந்தால் அது பால் இல்லை, அந்த ஊர் டிவி முறையான என்டிஎஸ்சி. நம்மூர் டெக் அதை டிவியில் காட்டுவதற்காக இரண்டுங்கெட்டானாக மாற்றித்தான் கொடுக்கும், கேப்சர் கருவி தடுமாறும். அசல் என்டிஎஸ்சி டெக் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

இப்போது திட்டு. டெக்கில் போடும் முன் கேசட்டின் கண்ணாடி வழியாக டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. "ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், படம் வரல" என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். அந்த ஒரு தடவையில் டெக்கின் சுழலும் டிரம்மில் இருந்து டேப்பைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும், டேப்பும் கிழியலாம். வெயிலில் காயவைக்காதீர்கள். ஹெட்டைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைக்காதீர்கள். நூல் மாட்டினால் ஹெட் முனையே உடையும். மான்தோல் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்து, குச்சியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு டிரம்மைக் கையால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் தேய்க்கக்கூடாது. பழக்கமில்லையா, தொடாதீர்கள். இன்னொன்று: கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தகட்டை முதலிலேயே உடைத்துவிடுங்கள். பழைய டெக்கில் தவறி ரெக்கார்டு பட்டன் பட்டால் கல்யாணத்தின்மேல் வெறும் நீலத்திரை பதிந்துவிடும்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் மூன்றே கேள்வி: எந்த டெக், எந்த ஒயர், அமுக்காத ஃபைலை எனக்குத் தருவீர்களா? பதில் மழுப்பலாக வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். நல்லபடியாக வேலை முடிந்தாலும் கேசட்டைக் கேட்டு வாங்குங்கள். முழுக்க ரீவைண்ட் செய்து, பரண் வேண்டாம், ஈரமில்லாத அலமாரியில் புத்தகத்தைப் போல நிறுத்திவையுங்கள். இன்று ஹெட்டிலிருந்து வரும் மூல சிக்னலையே பதிந்து கம்ப்யூட்டரில் படமாக்கும் விஎச்எஸ்-டிகோட் என்ற மென்பொருள் வந்திருக்கிறது. அதற்கும் கேசட்தான் வேண்டும், உங்கள் எம்பி4 போதாது.