லைன் வீடுகளில் ஓயாத சண்டை: வீட்டுக்காரர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

திருப்பூரில் அனுப்பர்பாளையம் தொடங்கிக் காங்கயம் சாலை வரைக்கும், கோவையில் கணபதி, பீளமேடு பக்கமும், ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஒட்டி ஒட்டிப் பத்துப் பன்னிரண்டு லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் ஏராளம். “எப்பப் பார்த்தாலும் சண்டைங்க, நல்ல ஆளுகளே குடி வர மாட்டேங்கறாங்க” என்பது அவர்களின் புலம்பல். ஆட்களைக் காலி செய்யச் சொல்லிப் புது ஆட்களை வைத்தாலும் சில மாதத்தில் அதே சண்டை திரும்பிவிடும். அது எந்த இடத்தில், எந்த நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். காலையில் குழாயடி, எட்டரை மணி ஷிப்டுக்கு முன்னால் கழிப்பறை வாசல், கரண்ட் பில் கட்டும் வாரம், சனிக்கிழமை சம்பள இரவில் விளக்கில்லாத மாடிப்படி. எல்லாமே பொது இடங்கள், பொதுச் செலவுகள். அவற்றைச் சரிசெய்யக் குடியிருப்பவருக்கு அதிகாரம் இல்லை. அது வீட்டுக்காரர் வேலை.

முதலில் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களின் கணக்கு. 12 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் தினமும் ஏறக்குறைய 6,500 லிட்டர். இதில் குடிக்க, சமைக்க ஆளுக்குப் பத்து லிட்டர் போதும். மற்றதற்குப் போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணீரே ஆகும். ஆகவே நல்ல தண்ணீருக்குத் தனித் தொட்டி, போர் தண்ணீருக்குத் தனித் தொட்டி. குழாய்த் தண்ணீர் வாரம் ஒரு முறைதான் வருகிறது என்றாலும் 4,000 லிட்டர் நல்ல தண்ணீர்த் தொட்டி 48 பேருக்குத் தாங்கும். இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டு, குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளச் சொல்வது குடியிருப்பவர் தலையில் மாதாமாதம் ஏற்றும் செலவு.

மாடியில் ஒரே பெரிய தொட்டி இருந்தால், முதலில் எழுந்தவர் துணி துவைத்து முடிப்பதற்குள் கடைசி வீட்டுக் குழாய் காற்று வாங்கும். வீட்டுக்கு ஒரு 500 லிட்டர் தொட்டி, அதிலிருந்து தனி லைன் என்று பிரித்துவிட்டால் தண்ணீர்ச் சண்டையில் பெரும்பகுதி அன்றோடு முடியும். ஒன்று கவனம்: 500 லிட்டர் என்பது அரை டன். பன்னிரண்டு தொட்டி ஆறு டன். அவற்றைத் தளத்தின் நடுவில் வைக்கக் கூடாது. கீழே சுவர் அல்லது பீம் போகும் கோட்டின் மேல் வைக்க வேண்டும். பழைய கட்டடமானால் பொறியாளர் பார்த்த பிறகே ஏற்றுங்கள். உப்புத் தண்ணீரில், பல சுற்றுச் சுற்றித் திறக்கும் கேட் வால்வு சீக்கிரம் இறுகிவிடும். கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினாலே திறக்கும் பால் வால்வு (ball valve) போடுவது நல்லது. எல்லாத் தொட்டிக்கும் மிதவை வால்வும் இறுக்கமான மூடியும் வேண்டும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர எட்டுப் பத்து நாள்தான் ஆகும். ஆகவே திறந்து கிடக்கும் டிரம், பக்கெட்டுகளை வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும்.

தரைத் தொட்டியில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. இரவில் எல்லா வால்வையும் மூடி, நீர்மட்டத்தில் கோடு போட்டு, விடிந்ததும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் விரிசல் இருக்கிறது. தண்ணீர் வெளியே போகும் வழியாகவே, தொட்டி காலியாக இருக்கும் நேரத்தில் பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும். சரிசெய்த பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு பக்கெட்டில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத் திறக்க வேண்டும். பிரித்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது.

கழிப்பறை பொதுவாக இருந்தால், இரண்டு வீட்டுக்கு ஒன்று என்று எண் எழுதிப் பூட்டும் இரண்டு சாவியும் கொடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் பொது என்றால் யாரும் கழுவ மாட்டார்கள். செப்டிக் டேங்கை நிரம்பி வழியும்வரை விடாமல் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை லாரி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அடைப்பு என்று ஆசிட்டும் பினாயிலும் தொடர்ந்து ஊற்றினால் கழிவை மட்கச் செய்யும் நுண்ணுயிர் செத்து, தொட்டி இன்னும் சீக்கிரம் நிரம்பும். எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே ஆளை இறக்காதீர்கள். விஷவாயு முதலில் இறங்கியவரையும், காப்பாற்றக் குதித்தவரையும் சேர்த்தே கொல்லும். கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுக்கும் 2013 சட்டப்படி இது குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். லாரிக்கு 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

கரண்ட்டுக்கு வருவோம். காம்பவுண்டு முழுக்க ஒரே இணைப்பு, வீட்டுக்குச் சப் மீட்டர் என்று வைத்திருந்தால், இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட் பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்தே அவ்வளவுதான். மொத்த யூனிட் கூடக் கூட விலைப்படியும் ஏறும். அந்தச் சுமையை யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும்போது, மின்விசிறி மட்டும் ஓடும் வீடும் அதே விலை கொடுக்கிறது. தனி வாசல், தனிச் சமையலறை உள்ள வீடுகளுக்குத் தனித்தனி இணைப்பு கேட்டு விண்ணப்பியுங்கள். அதுவரைக்கும் பில்லின் நகலையும் சப் மீட்டர் கணக்கையும் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும், கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (RCCB) கட்டாயம் வேண்டும். பக்கெட்டில் ஹீட்டர் ராடு போட்டு அது டிரிப் ஆகிறது என்றால் கசிவு இருக்கிறது என்று பொருள். ராடைத்தான் மாற்ற வேண்டும். எலக்ட்ரீஷியனை வைத்து ஆர்சிசிபியைக் கழற்றி நேராக ஒயர் கொடுப்பது உயிரோடு விளையாட்டு.

மாடிப்படிக்கும் சந்துக்கும், பொழுது சாய்ந்தால் தானே எரியும் 9 வாட் எல்இடி போதும். ஒரு விளக்கு இரவு 12 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஆறரை யூனிட் மட்டுமே. கேமரா கேட்டைப் பார்க்கட்டும். குளியலறை வாசல் பக்கம் திரும்பவே கூடாது.

இவ்வளவும் செய்த பிறகுதான் விதிமுறைக்குப் பலம் வரும். ஒடிசா, பீகார் குடும்பங்கள் இருந்தால் அறிவிப்பை இந்தியிலும் எழுதுங்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோ பரவி ஊரே பதறியது. அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்காரர் நேரில் போய் நின்று பேச வேண்டும். வாரச் சம்பளக்காரர் ஞாயிறுதோறும் வாடகையைப் பிரித்துக் கொடுக்கக் கேட்டால் ஒத்துக்கொள்ளுங்கள். ரசீது மட்டும் தவறக் கூடாது. குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவர் இருந்தால் அதைக் குடும்ப விவகாரம் என்று ஒதுக்காமல் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள். அடிபடுவது குழந்தை என்றால் 1098.

தொல்லை தருபவரை வெளியேற்றத் தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்தக் கூடாது. 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. முதலில் பேச்சு, பிறகு தேதியோடு எழுத்து, அதற்கும் அடங்காவிட்டால் வாடகை நீதிமன்றம். அங்கே போக எழுத்து ஒப்பந்தமும் அதன் பதிவும் வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்குள் இருக்கட்டும். குடிவரும் அன்றே சுவர், குழாய், கதவுகளைப் போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொண்டால், காலி செய்யும்போது எதற்கு எவ்வளவு பிடித்தம் என்று இழுபறி வராது. மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.