இணைதிறனைக் குறுக்கே மாற்றும் முன்

வேதியியல் வாய்ப்பாடு எழுத எடுத்த எடுப்பில் சொல்லித் தருவது பெரும்பாலும் குறுக்கு முறையைத்தான். குறியீடுகளை அடுத்தடுத்து எழுது, மேலே இணைதிறனை (ஓர் அணு மற்றவற்றோடு இணையும் திறனைக் காட்டும் எண்ணை) போடு, குறுக்கே கீழிறக்கு. கால்சியம் குளோரைடு வரை எல்லாம் சரியாக வரும். மெக்னீசியம் ஆக்சைடில் இரண்டு பக்கமும் 2 விழும். உடனே 'சுருக்கி எழுது' என்று இன்னொரு விதி சொல்கிறோம். அதே விதியைப் பிடித்துக்கொண்டு மாணவர்கள் சோடியம் பெராக்சைடையும் சுருக்கித் தப்பாக்கிவிடுவார்கள். விதிகள் கூடுகின்றனவே தவிர, எதற்கு என்பது விளங்குவதில்லை.

அயனிகள், அதாவது மின்சுமை கொண்ட அணுக்கள் அல்லது அணுக்கூட்டங்கள், சேர்ந்த அயனிச் சேர்மத்தில் நேர்மின்சுமையும் எதிர்மின்சுமையும் சமமாக வேண்டும், அவ்வளவுதான். இதைக் கையில் காட்ட ஒரு சார்ட் அட்டை போதும். மின்சுமை 1 உள்ள அயனிக்கு 4 செ.மீ. நீளம், 2 என்றால் 8, 3 என்றால் 12 என்று பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். அகலம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. நேர் அயனிக்கு ஒரு நிறம், எதிர் அயனிக்கு வேறு நிறம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வரிசை வைத்து, இரண்டும் ஒரே இடத்தில் முடியும்வரை அடுக்கச் சொல்லுங்கள். முதல் தடவை சமமானதும் நிறுத்திவிட வேண்டும். பட்டைகளின் எண்ணிக்கைதான் கீழொட்டு, அதாவது குறியீட்டின் கீழே எழுதும் சிறிய எண். அலுமினியம் ஆக்சைடுக்கு 12 செ.மீ. பட்டை இரண்டு, 8 செ.மீ. பட்டை மூன்று, இரு வரிசையும் 24-ல் முடியும். மெக்னீசியம் ஆக்சைடு வரிசைக்கு ஒரே ஒரு பட்டையிலேயே முடிந்துவிடுவதால் சுருக்கும் பேச்சே எழாது.

சல்பேட்டுக்கு ஒரே பட்டை. கந்தகம் தனி, ஆக்சிஜன் தனி என்று வெட்டக் கூடாது. பெராக்சைடும் அப்படியே, இரண்டு ஆக்சிஜன் சேர்ந்த ஒற்றை 8 செ.மீ. பட்டை. பட்டையைப் பிரிக்க முடியாது என்பது பழகினால் அடைப்புக்குறி ஏன் என்பது தானே புரியும். அலுமினியம் சல்பேட்டில் அடைப்புக்குறியை விட்டால், ஆக்சிஜனின் 4-க்குப் பக்கத்தில் 3 ஒட்டி 43 ஆகிவிடும். கால்சியம் ஹைட்ராக்சைடில் விட்டால் ஹைட்ரஜன் மட்டும் இரண்டாகி, ஆக்சிஜன் ஒன்றாகவே நிற்கும். எழுதி முடித்ததும் அணுக்களை எண்ணச் சொன்னால் மாணவரே பிடித்துவிடுவார்.

இரும்புக்கு இரண்டு வகைப் பட்டை வேண்டும்: மின்சுமை 2 உள்ள ஃபெரஸுக்கு 8, மின்சுமை 3 உள்ள ஃபெரிக்குக்கு 12. கார்பன் டைஆக்சைடு போன்ற, அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து இணையும் சகப்பிணைப்புச் சேர்மங்களுக்கு இந்தப் பட்டைகளை இழுக்காதீர்கள். அங்கே எண்ணிக்கையைப் பெயரே சொல்கிறது.

குறியீட்டின் இரண்டாம் எழுத்தைப் பெரிதாக எழுதுவதை முதல் நாளே திருத்துங்கள். கோபால்ட்டில் சி பெரிது, ஓ சிறிது. இரண்டையும் பெரிதாக எழுதினால் அது கார்பன் மோனாக்சைடு.

சமன்பாட்டைச் சமன் செய்யும்போது பலர் கீழொட்டிலேயே கைவைப்பார்கள். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும் சமன்பாட்டில், தண்ணீரில் ஆக்சிஜன் ஒன்று குறைகிறதே என்று கீழே 2 போட்டால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு. எண்ணை வாய்ப்பாட்டுக்கு முன்னால்தான் போட வேண்டும்: இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறு, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு நீர் மூலக்கூறு.