திரும்பக் கேட்க முடியாத பணம்

1602க்கு முன்பு ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் கூட்டாகப் பணம் போட்டு ஆசியாவுக்குக் கப்பல் அனுப்புவார்கள். சரக்கு வந்ததும் விற்றுப் பங்கு பிரித்துக் கணக்கை முடிப்பார்கள். அடுத்த பயணத்துக்குப் புதுக் கணக்கு. இப்படித் திரட்டும் பணத்தில் கப்பல் ஓட்டலாம். ஆண்டுக்கணக்கில் காவல் வைக்கவேண்டிய கோட்டையைக் கட்ட முடியாது.

1602 மார்ச் 20 அன்று டச்சுக் குடியரசு, ஒன்றோடொன்று மோதிய இந்தக் கூட்டுகளை ஒரே கிழக்கிந்தியக் கம்பெனியாக்கி, 21 ஆண்டுகளுக்குச் சாசனம் கொடுத்தது. போர் தொடுக்கவும் ஒப்பந்தம் போடவும்கூட அதில் உரிமை இருந்தது. நிர்வாகிகள் 17 பேர்: ஆம்ஸ்டர்டாமுக்கு 8, சீலாந்து மாகாணத்துக்கு 4, மற்ற நான்கு ஊர்களுக்கு ஒவ்வொருவர். 17ஆவது இடம் ஆம்ஸ்டர்டாம் தவிர்த்த ஊர்களுக்கு முறைவைத்துப் போகும். முதலீட்டில் பாதிக்கு மேல் போட்ட ஆம்ஸ்டர்டாம் தனியாக முடிவெடுத்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

திரண்ட முதலீடு சுமார் 64 லட்சம் கில்டர் (டச்சு நாணயம்). பத்து ஆண்டு கழித்துத் திரும்பப் பெறலாம் என்பது சாசனத்தின் பேச்சு. 1612இல் அது நடக்கவில்லை. பணம் வேண்டியவர் பங்கை வேறொருவருக்கு விற்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் கணக்கர் முன் நிற்பார்கள். அவர் ஒருவர் பெயரில் கழித்து மற்றவர் பெயரில் சேர்ப்பார். இரண்டு நிர்வாகிகள் ஒப்புதல் தருவார்கள். பங்கு என்பது அந்தப் பேரேட்டுப் பதிவுதான். 1610இல் முதல் லாபப் பங்கைப் பணமாகத் தராமல் ஜாதிபத்திரியாகத் தந்தார்கள். பலர் வாங்க மறுத்தார்கள்.

ஆசியாவில் இந்தப் பணம் எப்படிச் சுழன்றது என்பதைப் பழவேற்காட்டில் பார்க்கலாம். கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த தீவுகளில் நல்ல விலைபோனது சோழமண்டலக் கரைத் துணி. ஆகவே பொன்னும் வெள்ளியும் கொடுத்து இங்கே துணி, துணி கொடுத்து அங்கே வாசனைச் சரக்கு, அதை ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்கு. 1613இல் இங்கே எழுந்த கெல்ட்ரியா கோட்டை அந்தத் துணிக்கான காவல். 1620களில் துணியோடு அடிமைகளையும் இங்கிருந்து படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றினார்கள்.

வாசனைச் சரக்கில் கம்பெனியின் ஏகபோகம் வியாபாரத் திறமையால் மட்டும் வந்ததல்ல. 1621இல் ஜாதிக்காய் விளையும் பண்டா தீவுகளை (இன்றைய இந்தோனேசியா) கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன் படையோடு பிடித்தார். மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் மடிந்தார்கள், அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள், தப்பி ஓடினார்கள். லாபக் கணக்கைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பங்கு முதலீட்டைப் பிறகு கம்பெனி பெருக்கவே இல்லை. தேவைப்பட்டபோதெல்லாம் கடன்தான். 1780இல் இங்கிலாந்துடன் போர் மூண்டு கப்பல்கள் பறிபோனதும் கடன் தாங்க முடியாததாயிற்று. 1796இல் அரசு எடுத்துக்கொண்டது. 1799 டிசம்பர் 31 அன்று கம்பெனி கலைந்தது, கடன் அரசின் தலையில் விழுந்தது.