கணவாய் நரம்பும் ஜீப்பின் இரண்டாவது பற்றரியும்

வடமராட்சியில் இருந்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பழைய டீசல் ஜீப் வைத்திருக்கிறார். விடுமுறை வந்தால் மணற்காட்டு மணல்மேடுகள், சுண்டிக்குளம் என்று போய் இரவு தங்குவாராம். மீனும் குடிதண்ணீரும் குளிராக இருக்கட்டும் என்று 12 வோல்ற்று பிரிட்ஜ் ஒன்று வாங்கிப் பூட்டினார். விடிய ஜீப் ஸ்ராட் ஆகவில்லை. இரண்டாவது பற்றரி போட்டு நடுவில் ஒரு ரிலே, அதாவது தானாக இணைந்து பிரியும் மின்சுவிச், வைக்கச் சொல்கிறார்கள். "சாவிப் பக்கத்தில் இருந்து ஒரு வயரும் அந்த ரிலேக்குப் போகவில்லையே, எஞ்சின் ஓடுகிறதா நிற்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கிறார்.

முதலில் ஒரு கணக்கு. ஸ்ராட்டர் 200 அம்பியரை 3 செக்கனுக்கு இழுத்தால் செலவாவது அம்பியர் மணியில் (ஒரு அம்பியர் ஒரு மணி நேரம் ஓடும் அளவு) ஆறில் ஒன்று. சின்ன பிரிட்ஜ் ஓடும்போது 4 அம்பியர் அளவில்தான் எடுக்கும். ஆனால் 10 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினாலே 20 அம்பியர் மணி போய்விடும், அதாவது 120 தடவை ஸ்ராட் பண்ணுகிற மின். ஸ்ராட் பண்ணும் பற்றரியின் ஈயத் தகடுகள் மெல்லியவை, எண்ணிக்கையில் அதிகம். கணப்பொழுதில் பெரிய மின்னோட்டத்தைத் தர அந்த அமைப்பு வேண்டும். அவற்றை அடிக்கடி அடிவரை இறக்கினால் ஈய சல்பேற்று இறுகிப் படிந்து தகடுகள் கெட்டுவிடும். தடித்த தகடுகள் உள்ள ஆழ்சுழற்சிப் பற்றரியை பிரிட்ஜுக்குத் தனியாக வைப்பது இதனால்தான்.

சரி, இரண்டையும் நேரே இணைத்துவிட்டால்? விடிய இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்கும். கையால் போடும் சுவிச் நல்லதுதான், மறக்காதவருக்கு. மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டு வைத்தால் 0.7 வோல்ற்று அதிலேயே தொலையும், இரண்டாவது பற்றரி ஒருநாளும் நிறையாது. மிஞ்சுவது அந்த ரிலேதான்.

எஞ்சின் சுழற்றி மின் எடுக்கும் அல்டர்னேற்றர் எப்படி மின் தருகிறது என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் பற்றரி தடைசெய்யப்பட்டிருந்த 90களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்ட ஊர் இது. இங்கே தேவையானது ஒரு விபரம் மட்டும். ஓய்வில் இருக்கும் நிறைந்த பற்றரியின் அழுத்தம் 12.7 வோல்ற்று அளவில் நிற்கும். எஞ்சின் ஓடி அல்டர்னேற்றர் சார்ஜ் பண்ணும்போது அதே முனைகளில் 13.8 முதல் 14.4 வரை காட்டும். எஞ்சின் ஓடுகிற செய்தி பற்றரியின் முனையிலேயே இருக்கிறது, தனி வயர் எதற்கு?

அப்படியானால் 13 வோல்ற்றுக்கு மேலே இணை, கீழே பிரி என்று ரிலேக்குச் சொல்லிவிடலாமா? சொல்லிப் பாருங்கள். எஞ்சின் ஓடுகிறது, 14 வருகிறது, ரிலே இணைக்கிறது. பாதி காலியான இரண்டாவது பற்றரி உடனே மின்னை உறிஞ்ச, அழுத்தம் 12.9க்கு இறங்குகிறது. ரிலே பிரிக்கிறது. சுமை போனதும் மறுபடி 14. மறுபடி இணைப்பு. இப்படிக் கடகடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் தொடுமுனைகள் பொறி பறந்து கருகிவிடும்.

இதற்குக் கண்ட வழியைத்தான் நான் ரசிக்கிறேன். ஒரு எல்லைக்குப் பதில் இரண்டு. 13.3க்கு ஏறினால் இணை, 12.8க்கு இறங்கினால் பிரி, இடையில் எதுவும் செய்யாதே. இப்போது 12.9 வந்தாலும் ரிலே அசையாது. அந்த இடைவெளிக்குள் 13.0 என்ற ஒரே அளவுக்கு இரண்டு விடைகள்: மேலிருந்து இறங்கி வந்திருந்தால் இணைந்திருக்கும், கீழிருந்து ஏறி வந்திருந்தால் பிரிந்திருக்கும். வந்த வழியை அது நினைவில் வைத்திருக்கிறது! காந்தவியல் படித்தவர்களுக்கு, இதேபோல் வந்த வழியைப் பொறுத்து மாறும் தயக்க வளைவு (hysteresis) ஞாபகம் வரும். எஞ்சினை நிறுத்தியதும் ரிலே "டிக்" என்று பிரியவில்லையே எனப் பயப்படவும் வேண்டாம். பற்றரியில் மேலோட்டமாக நிற்கும் சார்ஜ் வடிந்து 12.8 வரச் சற்று நேரம் எடுக்கும்.

இந்த இரட்டை எல்லை மின்சுற்றை 1934இல் வடிவமைத்தவர் ஓட்டோ ஷ்மிற், அமெரிக்கர், அப்போது ஆராய்ச்சி மாணவர். அவர் வாகனத்துக்காக அதைச் செய்யவில்லை. கணவாயின் நரம்பில் சைகை எப்படிப் போகிறது என்று ஆராய்ந்ததில் பிறந்தது அது. நாங்கள் கறிச்சட்டியில் போடுகிற கணவாயின் உறவுதான். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வரும் பிள்ளையிடம் எடுத்த எடுப்பில் "இதால் என்ன பிரயோசனம்?" என்று கேட்பவர்கள்மேல் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். கணவாய் நரம்புக்கு ஷ்மிற் என்ன பிரயோசனம் எழுதியிருப்பார்? ஜீப்பில் பிரிட்ஜ் என்றா?

இந்த ரிலே ஏமாறும் இடங்களும் உண்டு. புதிய வாகனங்கள் சிலவற்றில் எரிபொருளை மிச்சம் பிடிக்க, ஓடும்போதே அல்டர்னேற்றரின் அழுத்தத்தைக் கணினி குறைத்துவிடும். எஞ்சின் நின்றுவிட்டது என்று ரிலே நினைத்துக்கொள்ளும். லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி போட்டால் நேர்மாறு. அது ஓய்விலேயே 13.2, 13.3 என்று நிற்பதால் 12.8 வருவதற்குள் விடிந்துவிடும். இவற்றுக்கு, வரும் அழுத்தத்தை இரண்டாவது பற்றரிக்கு வேண்டிய அழுத்தமாக மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர்தான் சரி, விலை கூடினாலும். வாசகரின் பழைய ஜீப்புக்கும் ஈயப் பற்றரிக்கும் ரிலே போதும்.

தண்ணீர் விடும் வகைப் பற்றரி என்றால் பற்றரித் தண்ணீரே (காய்ச்சி வடித்த நீர்) விடுங்கள். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை, அந்த உப்புகள் தகடுகளுக்கு ஆகாது. சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்று சில கராஜ்களில் பற்றரிக்குப் பலகை போட்டு வைப்பார்கள். இன்றைய பற்றரிப் பெட்டி பிளாஸ்ரிக், அதன் வழியே மின் எங்கே போகும்? பலகையில் வைத்தாலும் அது தானாக மெல்ல இறங்கும்.

பற்றரியைப் பின்பக்கம் வைப்பதானால் ஐதரசன் எளிதில் வெளியே வராத மூடிய வகை வேண்டும், கேபிளும் தடிப்பாக வேண்டும். 5 மீற்றர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீற்றர் வயரில் 40 அம்பியர் போனால் 0.6 வோல்ற்று வழியிலேயே போய்விடும். டயோட்டைக் கழித்த லாபம் அதோடு சரி. 25 சதுர மில்லிமீற்றர் என்றால் இழப்பு 0.14தான். பியூஸ் இரண்டு போடுங்கள், ஒவ்வொரு பற்றரிக்கும் கிட்டவாக ஒன்று. இந்தக் கேபிளுக்கு இரண்டு முனையிலும் மின் உண்டு. நடுவில் எங்காவது உரசி ஜீப்பின் உலோக உடலில் பட்டால், பியூஸ் இல்லாத பக்கத்துப் பற்றரி கேபிள் எரியும்வரை மின்னைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.