செங்கல் ஊர் மறைந்தது, மர ஊர் நிற்கிறது

கலிபோர்னியாவின் கிழக்கு எல்லையில், சியரா நெவாடா மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், மோனோ கவுண்டி இருக்கிறது. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. பரப்பு 8,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 13,195 பேர். அவர்களில் பாதிக்கு மேல் மேமத் லேக்ஸ் என்ற பனிச்சறுக்கு ஊரில் இருக்கிறார்கள். மிச்சமெல்லாம் சாம்பல் நிறப் புதர்க்காடு, உப்பு ஏரி, மொட்டைக் குன்றுகள்.

அந்தக் குன்றுகளுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று இருபது கிலோமீட்டருக்குள், இரண்டு தங்கச் சுரங்க ஊர்கள் இருந்தன. ஒன்று அரோரா. 1860-ல் தாது கண்டெடுக்கப்பட்டு மூன்றே ஆண்டுகளில் சில ஆயிரம் பேர் குடியேறிய ஊர். செங்கல்லால் கட்டிய கடைவீதி அதற்கு இருந்தது. பின்னாளில் மார்க் ட்வைன் என்று புகழ்பெற்ற இளைஞர் 1862-ல் அங்கே தங்கம் தேடித் தோற்றார். எல்லை எங்கே ஓடுகிறது என்பதே அப்போது தெளிவாகவில்லை. அதனால் அரோரா ஒரே சமயத்தில் கலிபோர்னியாவின் மோனோ கவுண்டிக்கும் நெவாடாவின் எஸ்மரால்டா கவுண்டிக்கும் தலைநகராக இருந்தது. 1863-ல் அளந்து பார்த்தபோது ஊர் நெவாடாவுக்குள் விழுந்தது. மோனோவின் தலைமையிடம் பிரிட்ஜ்போர்ட்டுக்கு மாறியது.

மற்றொன்று போடி. நம் தேனி மாவட்டத்துப் போடிக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. 1859-ல் இங்கே தங்கம் கண்டு, அதே ஆண்டு பனிப்புயலில் சிக்கி இறந்துபோன போடி என்பவரின் பெயர். இந்த ஊர் பைன் பலகையால் கட்டப்பட்டது.

இன்று அரோராவுக்குப் போனால் கல்லறைகளும் சில குழிகளும்தான் மிச்சம். போடியில் நூற்றுக்கும் மேற்பட்ட மரக் கட்டடங்கள் நிற்கின்றன. செங்கல் போய் மரம் நின்றது எப்படி? இதற்கு விடை தேடினால், ஊர் சாவது எப்படி, செத்த பின் அதன் எலும்பு நிலைப்பது எப்படி என்ற இரண்டும் சேர்ந்தே விளங்கிவிடும்.

முதலில் மண்ணுக்கு அடியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். எண்பது லட்சம் ஆண்டுகளுக்கும் முன் போடிக் குன்றுகள் எரிமலைப் பகுதி. பூமிக்குள் காய்ந்த வெந்நீர், கந்தகத்தோடு பிணைந்த தங்கத்தைக் கரைசலாகச் சுமந்துகொண்டு பாறைப் பிளவுகள் வழியே மேலே வந்தது. ஆழத்தில் அழுத்தம் அதிகம். நூறு டிகிரியை வெகுவாகத் தாண்டிச் சூடானாலும் நீர் கொதிக்காது. மேலே வர வர அழுத்தம் குறைகிறது, ஓரிடத்தில் சட்டென்று கொதிக்கிறது. கோலி சோடாவில் குண்டை அழுத்தியதும் நுரை பொங்குகிறதே, அதேதான். கந்தக வாயு குமிழாக வெளியேறிவிடும். தன்னைப் பிடித்திருந்த துணை போய்விட்டதால் தங்கம் அங்கேயே படிகிறது. பிளவில் கோடுபோலத் தங்கம் படிந்த பாறையை ரேகை என்பார்கள். கொதிப்பு நிகழும் அந்த மட்டத்தில் ரேகை கொழுத்துக் கிடக்கும். அதற்குக் கீழே மெலிந்துவிடும்.

போடியின் தலையெழுத்து அந்தப் பாறையிலேயே எழுதப்பட்டிருந்தது. 1870-களின் நடுவில் வளமான ரேகை வெளிப்பட்டது. ஸ்டாண்டர்ட் என்ற சுரங்கக் கம்பெனி வந்தது. 1880 வாக்கில் ஊரில் ஏழாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை இருந்ததாகவும், கட்டடங்கள் இரண்டாயிரம் இருந்ததாகவும் மதிப்பிடுகிறார்கள். கொழுத்த பகுதி மேல்மட்டத்தில் இருந்ததால் சில ஆண்டுகளிலேயே அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆழமாகத் தோண்டத் தோண்டச் செலவு கூடியது, தங்கம் குறைந்தது. அடுத்த ஊரில் தங்கம் என்ற செய்தி வந்ததும் கூட்டம் கிளம்பிவிட்டது.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே கோலார் தங்கவயல் நினைவுக்கு வரும். வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் போன நம் மக்கள்தான் அந்தக் குழிகளில் இறங்கினார்கள். போடி உச்சத்தில் இருந்த அதே 1880-ல்தான் அங்கே நவீனச் சுரங்கவேலை தொடங்கியது. ஆனால் கோலார் ரேகை வேறு வகை. சுமார் 270 கோடி ஆண்டு பழைய பாறையில், பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவானது. அங்கே தங்கம் ஒரு மெல்லிய கொதிமட்டத்தில் படியவில்லை. பாறை நசுங்கி நழுவிய பிளவு நெடுகிலும் படிந்தது. அதனால் கோலாரின் சாம்பியன் ரீஃப் குழி 3 கிலோமீட்டரைத் தாண்டி இறங்கியும் தங்கம் கிடைத்துக்கொண்டிருந்தது. 2001 பிப்ரவரியில் மூடும்வரை 120 ஆண்டுகள். ஓர் ஊரின் ஆயுள், அதற்கு அடியில் வெந்நீர் எந்த ஆழத்தில் தங்கத்தைக் கைவிட்டது என்பதைப் பொறுத்திருக்கிறது.

போடிக்கும் தங்கவயலுக்கும் இன்னொரு பொருத்தம் உண்டு. போடியைச் சுற்றி மரமே இல்லை. தாதுவை இடிக்கும் ஆலையின் கொதிகலனுக்கு விறகு, சுரங்கத்துக்கு முட்டுக்கட்டை, வீட்டுக்குப் பலகை எல்லாம் மோனோ ஏரிக்குத் தெற்கே இருந்த பைன் காட்டிலிருந்து வந்தாக வேண்டும். அதற்கென்றே 1881-ல் 50 கிலோமீட்டர் நீளத்துக்குக் குறுகிய அகல ரயில்பாதை போட்டார்கள். காட்டோரம் மோனோ மில்ஸ் என்ற மரம் அறுக்கும் ஊர் பிறந்தது. அதுவும் இன்று இல்லை. விறகுச் செலவு தாங்காமல் கம்பெனி 1892 இறுதியில் கிரீன் கிரீக் ஓடையில் நீர்மின் நிலையம் கட்டி, 21 கிலோமீட்டர் கம்பி இழுத்து ஆலையை ஓட்டியது. கம்பியில் ஏற்படும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு கூட்டினால் அதே மின்சக்தியைப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் அனுப்பலாம், இழப்பு நூறில் ஒரு பங்காகிவிடும். இதை வேலைத்தளத்தில் செய்துகாட்டிய முன்னோடிகளில் ஒன்று போடி. பத்தே ஆண்டுகளில், 1902-ல், காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரத்துக்குத் தங்கவயலுக்கு மின்சாரம் போனது.

மின்சாரத்தோடு சயனைடு முறையும் வந்தது. பாறையை இடித்துப் பாதரசத்தில் தங்கத்தைப் பிடித்த பிறகும், கழித்துப்போட்ட மண்ணில் நுண்துகளாகத் தங்கம் எஞ்சியிருக்கும். நீர்த்த சயனைடு கரைசல் அதையும் கரைத்து எடுத்துவிடும். குப்பை மேடுகளே மறுபடி சுரங்கமாயின. போடி இன்னும் சில ஆண்டுகள் மூச்சுவிட்டது.

இனி ஊர் இறங்கிய விதம். சினிமாவில் காட்டுவதுபோல ஒரே இரவில் எல்லோரும் ஓடிவிடவில்லை. 1910-ல் போடியில் 698 பேர் இருந்தார்கள். 1920-ல் 120 பேர். இடையிலும் பிறகும் நடந்தது கவனிக்கத்தக்கது. 1912-ல் கடைசிச் செய்தித்தாள் நின்றது. 1913-ல் ஸ்டாண்டர்ட் சுரங்கம் மூடப்பட்டது. 1917-ல் ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பழைய இரும்புக்கு விற்றார்கள். 1932-ல் பெருந்தீ ஊரின் பெரும்பகுதியைத் தின்றது. 1942-ல், போர்க்காலத்தில் தங்கச் சுரங்கங்களை மூடச் சொன்ன அரசு உத்தரவு வந்தது. அஞ்சல் அலுவலகமும் அந்த ஆண்டே மூடியது.

வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மன் புவியியலாளர் 1933-ல் தந்த விளக்கம் இதற்குப் பொருந்துகிறது. ஒவ்வொரு சேவைக்கும் ஒரு குறைந்தபட்ச வாடிக்கையாளர் எண்ணிக்கை உண்டு. மளிகைக் கடைக்கு இருநூறு பேர் போதும், மருத்துவருக்கு ஆயிரம் பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் 1,100 பேர் 1,050 ஆனால் ஒன்றும் தெரியாது. 990 ஆனால் மருத்துவர் போய்விடுவார். மருத்துவர் இல்லாத ஊரில் முதியவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இருக்கத் தயங்குவார்கள்; இன்னும் நூறு பேர் குறைவார்கள்; அடுத்து பள்ளிக்கூடம். மக்கள்தொகை சரிவாக இறங்கும், வாழ்வோ படிக்கட்டில் உருள்வதுபோல விழும். ஒவ்வொரு படியும் அடுத்த படியைத் தள்ளிவிடுகிறது. சிற்றூரில் கடைசி பஸ்ஸை நிறுத்துவதை நாம் சிறிய விஷயமாக எண்ணக் கூடாது என்பேன். பஸ்ஸில் போகிறவர் நான்கு பேர்தான் என்றாலும், அந்த நால்வரின் முடிவு மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

தங்கவயல் இந்தப் படிகளில் முழுவதும் உருண்டு விழாததற்குக் காரணம் பெங்களூரு. விடிகாலை ரயிலேறி வேலைக்குப் போய் இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானோரால் அது உயிரோடு இருக்கிறது. போடிக்கு அப்படி ஒரு பெருநகரம் பக்கத்தில் இல்லை. மோனோ கவுண்டியில் இன்றும் மெலிந்துகொண்டிருக்கும் ஊர்களின் நிலையும் அதுதான். கவுண்டித் தலைமையிடமான பிரிட்ஜ்போர்ட்டிலேயே சில நூறு பேர்தான். 1880-ல் கட்டிய நீதிமன்றக் கட்டடத்தில் அலுவலகம் நடப்பதாலும், நெடுஞ்சாலையில் சுற்றுலாப் பயணிகள் வருவதாலும் ஊர் நிற்கிறது.

சரி, மரம் ஏன் மக்கவில்லை?

மரத்தை மக்கவைப்பது காலம் அன்று, பூஞ்சை. பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் இளஞ்சூடும். மரத்தின் எடையில் ஈரம் ஏறக்குறைய 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதனால் வேலைசெய்ய முடியாது. போடி 2,554 மீட்டர் உயரத்தில், நம் தொட்டபெட்டாவைவிடக் கொஞ்சமே தாழ்வாக இருக்கிறது. ஆனால் தொட்டபெட்டாவின் மூடுபனி அங்கே இல்லை. சியரா மலை மழைமேகத்தை மறித்துவிடுவதால் காற்று உலர்ந்தது. குளிர்காலம் கடுமை, ஜூலையிலும் சில இரவுகளில் தண்ணீர் உறையும். ஈரம் இருக்கும் மாதங்களில் குளிர் பூஞ்சையை உறங்கவைக்கிறது, சூடு இருக்கும் மாதங்களில் ஈரம் இல்லை. நம் ஊரில் பைன் பலகையை வெளியில் போட்டால் இரண்டு பருவமழைக்குள் கரையானும் பூஞ்சையும் பங்கு போட்டுக்கொள்ளும்.

அங்கே பலகையைத் தின்பது வெயில்தான். மர இழைகளை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பசையைப் புற ஊதாக் கதிர் உடைக்கிறது. தளர்ந்த இழையைக் காற்றும் மணலும் அரித்துச் செல்கின்றன. மென்மரத்தில் இந்த அரிப்பு நூறு ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். கிட்டப்போய்ப் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியும். பலகையில் வசந்தகாலத்தில் வளர்ந்த மென்மையான வளையங்கள் பள்ளமாகவும், கோடைக்குப்பின் வளர்ந்த கெட்டி வளையங்கள் வரப்பாகவும் நிற்கும். விரலை ஓட்டினால் உழுத வயல்போல இருக்கும். தெற்குப் பார்த்த சுவர், காய்ச்சிய வெல்லப்பாகின் நிறத்துக்குக் கறுத்திருக்கும். ஓரங்குலப் பலகையை நூற்றைம்பது ஆண்டு வெயில் தின்றாலும் பாதிக்கு மேல் மிஞ்சும்.

வீடு சாயும் இடம் வேறு. கூரை பனியின் எடையில் உடைகிறது. அல்லது, தரையோடு ஒட்டிக் கிடக்கும் அடிச்சட்டம் உருகும் பனிநீரில் ஊறி மக்குகிறது. சுவர் கெட்டியாக இருக்கும்போதே கால் போய்விடும். 1962-ல் மாநிலப் பூங்காவாக ஆனது முதல் போடியைக் காப்பவர்கள் இந்த இரண்டு இடங்களில்தான் கை வைக்கிறார்கள். கூரை ஒழுகாமல் பார்க்கிறார்கள், மக்கிய அடிச்சட்டத்தை மாற்றுகிறார்கள், சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுக்கிறார்கள், உடைந்த கண்ணாடியைப் போடுகிறார்கள். வர்ணம் அடிப்பதில்லை, நேராக்குவதில்லை, புதுப்பிப்பதில்லை. தடுத்து நிறுத்திய சிதைவு என்பது இந்தக் கொள்கையின் பெயர். பூங்காவான அன்று சாய்ந்திருந்த வீடு அதே சாய்வில் நிற்க வேண்டும். கடைக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தால் அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருக்கும், மேலே தூசி படிந்திருக்கும். அந்தத் தூசியை அவர்கள் துடைப்பதில்லை. எனக்கு இது மிகவும் நேர்மையான பாதுகாப்பு முறையாகத் தோன்றுகிறது.

இத்தனைக்கும் உலர்காற்று மட்டும் போதாது. அரோராவிலும் அதே காற்றுதான். அரோராவின் செங்கல்லை இயற்கை அழிக்கவில்லை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கலிபோர்னியாவில் வீடுகள் பெருகின. பழைய செங்கல்லுக்கு விலை வந்தது. சுவரைப் பிரித்து வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். செங்கல் உறுதியானது, உறுதியாக இருந்ததாலேயே விலைபோனது. போடியின் வெயில் தின்ற பலகைக்கு அப்படிப்பட்ட சந்தை இல்லை. வண்டிக்கூலிக்குக் கட்டுபடியாகாது என்றுதான் வெளியேறிய குடும்பங்கள் கட்டிலையும் மேசையையும் விட்டுச் சென்றார்கள். போதாக்குறைக்கு, ஊரின் பெரும்பகுதி ஜேம்ஸ் கெய்ன் என்பவரின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. ஊர் காலியான பிறகும் அவர்கள் காவலாளிகளை அமர்த்திப் பார்த்துக்கொண்டார்கள். அரோராவுக்கு அந்த ஆள் இல்லை.

இப்போதும் போடியில் ஒரு கல்லையோ ஆணியையோ எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. எடுத்துப் போனால் கேடு வரும் என்ற நம்பிக்கை அந்தப் பக்கம் பரவிக் கிடக்கிறது. அதனால் சபலப்பட்டு எடுத்துச் சென்றவர்கள், வீட்டில் ஏதாவது நடந்ததும், மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறார்கள். துருப்பிடித்த ஆணி, கண்ணாடித் துண்டு, சின்னச் சின்னக் கற்கள். போடியில் அஞ்சல் அலுவலகம் இல்லாததால் அந்தப் பொட்டலங்களெல்லாம் பிரிட்ஜ்போர்ட்டில் வந்து இறங்குகின்றன. அங்கிருந்து பூங்கா ஊழியர்கள் கடைசி ஐந்து கிலோமீட்டர் மண்சாலையில் ஊருக்கு எடுத்துப் போகிறார்கள்.